கடைசி பெஞ்சில் இடமில்லை

நான் கடைசி பெஞ்சில் உட்கார ஆரம்பித்தது தாழ்மையால் அல்ல, வீம்பால். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் என்னைப் பற்றிச் சபையில் பிரசங்கமே நடந்தது. அதையெல்லாம் நம்பிவிடாதீர்கள்.

மீன் மார்க்கெட்டில் எனக்கு ஒரு கடை. கடை என்றால் ஒரு சிமெண்டு மேடை, ஒரு மரக்கட்டை, இரண்டு கத்தி, ஒரு ஐஸ் பெட்டி. அம்மாவுக்குப் பிறகு கடை எனக்கு வந்தது, படிப்பு அக்காவுக்குப் போனது. அக்கா பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. சபையில் பாடகர் குழுவை நடத்துகிறவளும் அவள்தான். எங்கே போனாலும் முதல் ஆளாக நிற்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அக்கா மகளுக்குக் கல்யாணம், எங்கள் சபையிலேயே. அன்றைக்கும் காலையில் எனக்குக் கடையில் வேலை இருந்தது. முடித்துவிட்டு இரண்டு தடவை குளித்தேன். எலுமிச்சைத் தோலைத் தேய் தேய் என்று தேய்த்ததில் உள்ளங்கை எரிந்தது. புதுச்சேலை கட்டி, முகமெல்லாம் பவுடர் அப்பி, பெண்ணுக்குச் சொந்தச் சித்தி என்ற உரிமையோடு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம் இருக்காது. அக்கா வந்து என் காதோரம் குனிந்தாள்.

“கொஞ்சம் பின்னாடி போய் உட்காந்துக்கோடி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பக்கத்துல இருக்காங்க. வாசனை வருது.”

நாற்றம் என்று சொல்லவில்லை, வாசனை என்றாள். படித்தவள் அல்லவா.

எழுந்து போனேன். கடைசி பெஞ்சு, ஜன்னலோரம். அன்று உட்கார்ந்தவள்தான், அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பாடகர் குழு சபையைப் பார்த்து நிற்கும். அக்கா பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினால் நேர் எதிரே நான்தான் தெரிவேன். தெரியட்டும், கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கட்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை அறவே நின்றுபோனது.

இயேசு முதலில் கூப்பிட்ட நாலு பேரும் மீன்காரர்கள். மூன்று வருஷம் அவர்களோடு ஒரே படகில் போனார், ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். எந்தச் சுவிசேஷத்திலாவது அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டார் என்று இருக்கிறதா? இந்தக் கேள்வியை ஆறு வருஷமாக மனசுக்குள்ளேயே அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். மனசுக்குள் கேட்கும்போது அவளால் ஒரு தடவைகூடப் பதில் சொல்ல முடிந்ததில்லை.

ஜெபத்திலும் எனக்கு ஒரே விண்ணப்பம்தான். “ஆண்டவரே, அவ என்கிட்ட வரணும். அவளா வரணும். வந்து மன்னிப்பு கேக்கணும்.” மார்க்கெட்டில் பழகிய நாக்கு, ஆண்டவரிடமும் பேரம்தான். இரண்டாம் வருஷம், மன்னிப்பு கேட்காவிட்டாலும் பரவாயில்லை, வந்து ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று இறங்கினேன். நாலாம் வருஷம், பேசக்கூட வேண்டாம், பக்கத்தில் வந்து சும்மா உட்கார்ந்தால் போதும் என்றேன். அதற்கு மேல் குறைத்தால் எனக்குக் கட்டுப்படியாகாது என்றும் சொல்லிவிட்டேன்.

உண்மையைச் சொன்னால், அவள் இல்லாமல் எனக்கு எதுவுமே ருசிக்கவில்லை. பெரிய மீன் வெட்டும்போதெல்லாம் அக்காவுக்குப் பிடித்த வால் துண்டைக் கை தானாக ஒதுக்கி வைத்துவிடும். அப்புறம்தான் ஞாபகம் வந்து பூனைக்குத் தூக்கிப் போடுவேன். ஆறு வருஷத்தில் அந்தப் பூனை நடக்க முடியாத அளவுக்குப் பெருத்துவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் சபைக்குப் புதுப் பாஸ்டர் வந்தார். சின்ன வயது, தங்கமான மனசு, முன்யோசனை மட்டும் கிடையாது. எங்கள் சபையில் வாசலருகே ஒரு ஜெபப் பெட்டி உண்டு. வேண்டுதலைச் சீட்டில் எழுதி அதில் போட்டுவிட்டால் ஆராதனையில் வாசித்து ஜெபிப்பார்கள். பேர் எழுதுவது வழக்கமில்லை. பழைய பாஸ்டர் எல்லாச் சீட்டையும் முன்கூட்டியே படித்து, வடிகட்டி, வம்பில்லாததை மட்டும் வாசிப்பார். புதியவர் மேடையிலேயே பெட்டியைத் திறந்து, அங்கேயே முதல்முறையாகப் படிப்பார். வந்த முதல் ஞாயிறே, “எங்கள் மேல்வீட்டுக்காரர் சீக்கிரம் காலி செய்துகொண்டு போக ஜெபியுங்கள்” என்று கணீரென்று வாசித்தார். மேல்வீட்டுக்காரர் மூன்றாவது வரிசையில் இருந்தார். எல்லோரோடும் சேர்ந்து சத்தமாக ஆமென் சொல்லிவிட்டு, அப்புறம்தான் யோசித்தார்.

அடுத்த ஞாயிறு பிரசங்கம் விருந்தைப் பற்றி. விருந்துக்குக் கூப்பிட்டால் முன்வரிசைக்கு ஓடாதே, கடைசி இடத்தில் போய் உட்கார், வீட்டுக்காரர் வந்து உன்னை மேலே அழைக்கட்டும் என்று இயேசு சொன்ன கதை. பாஸ்டர் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று கையை நீட்டி என்னைக் காட்டினார்.

“அங்க ஜன்னலோரமா இருக்காங்களே, அந்த அம்மாவ பாருங்க. மார்க்கெட்ல உழைச்சிட்டு நேரா இங்க வர்றாங்க. ஆறு வருஷமா அந்தக் கடைசி இடத்த விட்டு அவங்க நகர்ந்ததே இல்லன்னு கேள்விப்பட்டேன். தாழ்மைன்னா அதுதான் தாழ்மை!”

சபையே திரும்பிப் பார்த்தது. நான் அப்போதே எழுந்து, “ஐயா, இது தாழ்மை இல்ல, அக்கா மேல இருக்கற ஆத்திரம்” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கே தெரியாமல் என் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது, கண் பாதி மூடியது. மேடையில் அக்கா பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒழுங்காகக் குத்தியிருக்கிறது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

அடுத்த வாரம் வந்து பார்த்தால் கடைசி பெஞ்சு நிரம்பி வழிகிறது. ஐந்து பேர் உட்காரும் பெஞ்சில் எட்டுப் பேர். முன்னால் ஆறு வரிசை காலி. வரவேற்கிற பொறுப்பில் இருந்தவர் தொழிலில் பஸ் கண்டக்டர். பாவம், இங்கேயும் அவருக்கு அதே பிழைப்பாகிவிட்டது.

“முன்னாடி போங்க, முன்னாடி போங்க, உள்ள நிறைய இடம் இருக்கு. வழியில நிக்காதீங்கம்மா!”

ஒருத்தரும் அசையவில்லை. எனக்கு மட்டும் ஜன்னலோரத்தை மரியாதையாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் நன்றியம்மா. எல்லாவற்றுக்கும் நன்றி சொல்வதால் அவளுக்கு அந்தப் பேர். பஸ் கிடைத்ததற்கு ஒரு வாரம் சபையில் எழுந்து சாட்சி சொன்னால், பஸ்ஸை விட்டதற்கு அடுத்த வாரம் சாட்சி சொல்வாள். இயேசு குணமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் ஒருத்தன் மட்டும் திரும்பி வந்து நன்றி சொன்னானே, அவன் இவளுக்குக் கூடப்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

பாட்டு தொடங்கும் நேரம் அக்கா மேடையிலிருந்து இறங்கி வந்தாள். தொண்டை கட்டியிருக்கிறது, இன்றைக்குப் பாடவில்லை என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. நேரே கடைசி பெஞ்சுக்கு வந்து நின்றாள்.

“கொஞ்சம் தள்ளி உட்காருங்களேன்,” என்றாள் நன்றியம்மாவிடம்.

“நீங்க போய் இங்க உட்காரலாமா டீச்சர்? உங்க அந்தஸ்துக்கு நீங்க முன்னாடிதான் இருக்கணும். எங்கள மாதிரி ஒண்ணுமில்லாதவங்க இங்க இருந்துக்கறோம்,” என்று நன்றியம்மா ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். படிக்கும்போது எல்லாப் பரீட்சையிலும் முதல் ரேங்க் வாங்கியவள், இப்போது தாழ்மையிலும் முதல் ரேங்க் வாங்க வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

இரண்டாம் வாரம் கைக்குட்டை போட்டு இடம் பிடித்தார்கள். பல் டாக்டர் ஒருவர் வீட்டிலிருந்து மடக்கு நாற்காலி கொண்டுவந்து, கடைசி பெஞ்சுக்கும் பின்னால் விரித்துப் போட்டு, எல்லோரையும் ஜெயித்துவிட்ட முகத்தோடு உட்கார்ந்தார். அந்த வெற்றி பத்து நிமிஷம் தாங்கவில்லை. மைக் மாமா வந்து வாசற்படியில் நின்றுகொண்டார். நீளமான ஜெபம் என்றால் மைக் மாமாதான். ஓய்வுபெற்ற தாசில்தார், மைக்கைப் பிடித்தால் விடமாட்டார் என்பதால் வந்த பேர். அன்றைக்கு வாசற்படியிலிருந்தே ஜெபித்தார். “ஆண்டவரே, நான் ஒன்றுமில்லை, வெறும் தூசி, தூசியிலும் தூசி” என்று ஆரம்பித்தவர், ஒன்றுமில்லாத தன்னைப் பற்றிப் பதினொரு நிமிஷம் பேசினார். இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் எங்கள் சபையின் தாழ்மை தெருவைத் தாண்டிப் பஸ் நிலையம் வரை போயிருக்கும்.

அக்காவுக்கு அன்று பெஞ்சின் மறுமுனையில் எப்படியோ இடம் கிடைத்துவிட்டது. எங்களுக்கு நடுவில் ஆறு பேர். அவள் அடிக்கடி முன்னால் சாய்ந்து என் பக்கம் பார்த்தாள். நான் ஜன்னல் கம்பிகளை எண்ணினேன். ஒன்பது கம்பி. ஆராதனை முடிந்ததும் கூட்டத்தில் யாரோ பின்னாலிருந்து என் தோளைத் தொட்ட மாதிரி இருந்தது. திரும்பாமல் நடந்தேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், ‘ஆண்டவரே, நான் இவங்கள மாதிரி வேஷக்காரி இல்ல, அதுவரைக்கும் ஸ்தோத்திரம்’ என்று சொல்லிக்கொண்டே போனேன். அதே மாதிரி ஜெபம் பண்ணி, அது செல்லாமல் போன பரிசேயன் ஒருத்தன் சுவிசேஷத்தில் இருக்கிறான் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

மூன்றாம் வாரம் மார்க்கெட்டில் சரியான கூட்டம். நாத்தனாரிடம் கடையை ஒப்படைத்துவிட்டு, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு ஓடி வந்தேன். முழங்கை வரை செதில் ஒட்டியிருந்தது. வந்து பார்த்தால் என் ஜன்னலோரத்தில் ஒரு கைப்பை உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் அக்கா.

சபையின் சாவி ஒன்று அவளிடம் உண்டு. ஆறு மணிக்கே வந்து கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டாளாம், கண்டக்டர் சொன்னார். என்னைப் பார்த்ததும் அவள் கை வேகமாகப் பையின் மேல் போனது. அவ்வளவுதான், எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. முன்னாலிருந்து எழுப்பி அனுப்பினாள், போனேன். இப்போது கடைசி பெஞ்சிலும் எனக்கு இடமில்லை. அவளுக்கு ஓர் இடம், அவள் கைப்பைக்கு ஓர் இடம்!

வாயைத் திறந்தால் மார்க்கெட் வார்த்தைதான் வரும். அதனால் திறக்கவில்லை. விறுவிறுவென்று நடந்து, காலியாகக் கிடந்த முதல் வரிசையில், நட்டநடுவில் போய் உட்கார்ந்தேன். நாறட்டும். இன்றைக்கு எல்லோருக்கும் நாறட்டும்.

பாஸ்டருக்குப் புல்லரித்துவிட்டது.

“பாத்தீங்களா! கடைசியில இருந்தவங்கள ஆண்டவர் முன்னாடி கூட்டிட்டு வந்துட்டார்!” என்று கையை விரித்தபடி என்னை நோக்கி இரண்டடி வந்தவர், சட்டென்று நின்று, மூன்றடி பின்னால் போய்ப் பிரசங்க மேடையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. ஜெபப் பெட்டியைத் திறந்தார்.

முதல் சீட்டு யாருடைய மகனுக்கோ வேலை. இரண்டாவது முட்டிவலி. மூன்றாவதைப் பிரித்து அவர் வழக்கம்போல் கணீரென்று வாசிக்கத் தொடங்கினார்.

“எனக்குச் செவ்வாய்க்கிழமை வயிற்றில் ஆபரேஷன். கட்டி பெரிதாக இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். பிழைத்து வருவேனா தெரியவில்லை. அதற்கு முன்னால் என் தங்கையிடம் பேச வேண்டும். ஆறு வருடங்களுக்கு முன் அவளை நான் ஓர் இடத்திலிருந்து எழுப்பி அனுப்பினேன். இரண்டு வாரமாக அவள் பக்கத்தில் உட்காரப் பார்க்கிறேன்...”

இங்கே அவர் குரல் இறங்கியது. ஆனால் வாசிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர்.

“...கடைசி பெஞ்சில் அவள் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. எல்லோரும் தாழ்மையாக உட்கார்ந்திருக்கிறார்கள். இன்று அவளுக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறேன். அவள் வந்து உட்கார ஜெபியுங்கள்.”

எனக்கும் அக்காவுக்கும் பேச்சில்லை என்பது பாஸ்டரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். இப்போது அவருக்கும் தெரிந்துவிட்டது. சீட்டை மடிக்கிறார், பிரிக்கிறார், மறுபடி மடிக்கிறார்.

பின்னால் தடதடவென்று சத்தம் கேட்டது. திரும்பினேன். கடைசி பெஞ்சு எழுந்து ஓடி வந்துகொண்டிருந்தது. நன்றியம்மா முதலில், அவளுக்குப் பின்னால் மற்றவர்கள், வாசற்படியிலிருந்து மைக் மாமா. பல் டாக்டர் அவசரத்தில் நாற்காலியை மடக்கி விரலை நசுக்கிக்கொண்டு, சத்தம் போடாமல் வாயை மட்டும் திறந்து மூடினார். யாரும் முன்னாடி போங்க என்று சொல்லவில்லை. அத்தனை பேரும் முன்வரிசைகளில் வந்து விழுந்தார்கள். பின்னால், காலியான பெஞ்சில், அக்கா தனியாக இருந்தாள். இளைத்திருந்தாள். இரண்டு வாரமாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது எப்படிக் கண்ணில் படும்?

செவ்வாய் என்றால் நாளை மறுநாள். பக்கத்தில் வந்து சும்மா உட்கார்ந்தால் போதும் என்று நான்தானே கேட்டேன். ஆண்டவர் அப்படியே அனுப்பி வைத்தார். நான் கம்பி எண்ணினேன். இத்தனை நாளும் சபையில் மற்றவர்கள் போட்ட வேஷத்தையெல்லாம் ரசித்துச் சிரித்தேனே, அவர்களுடையது மூன்று வாரத்து வேஷம். என்னுடையது ஆறு வருஷம்.

எழுந்தேன். முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு அப்படியொன்றும் தூரமில்லை, ஆனால் அக்காவை நோக்கி நான் ஆறு வருஷமாக நடந்ததில்லை. கண்டக்டர் ஒதுங்கி வழிவிட்டார். அக்கா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உட்கார்ந்தேன்.

“மன்னிச்சிடுக்கா,” என்றேன். ஆறு வருஷமாக அவள் வாயிலிருந்து வரும் என்று காத்திருந்த வார்த்தை, என் வாயிலிருந்து வந்துவிட்டது. “நான் இங்க உட்காந்தது ஆண்டவருக்காக இல்ல. உன்னக் குத்திக் காட்டத்தான்.”

“தெரியும்டி. ஒவ்வொரு பாட்டுலயும் குத்துச்சு,” என்றாள். அப்புறம் கோபமாக, “ஆனா அத நான்தான் முதல்ல சொல்லணும். ஆறு மணிக்கே வந்து இடம் புடிச்சவ நானு. அதுக்குள்ள நீ முந்திக்கிட்டா எப்படி?”

“சரி, சொல்லு.”

“அன்னைக்கு உன்ன எழுப்பியிருக்கக் கூடாது. சொந்தத் தங்கச்சிய எழுப்பிட்டு, யாருன்னே தெரியாதவங்கள உட்கார வச்சேன். நீ நடந்து போனப்பவே கூப்பிடணும்னு தோணுச்சு. வாய் வரல. அப்புறம் வாரா வாரம் வாய் வரல.”

“இப்பவும் மேல மீன் வாசனை வருதுக்கா. குளிக்கல.”

“வாசனையா? நாத்தம் குடலப் புடுங்குது,” என்றாள் தலைமையாசிரியை. “நகராத.” செதிலோடு இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

“அத்தானுக்குத் தெரியுமா?”

“பாதி தெரியும். சின்னக் கட்டின்னு சொல்லி வச்சிருக்கேன்.” மடியில் இருந்த கைப்பையைப் பார்த்தாள். “பயமா இருக்குடி.”

யாருக்கும் பயப்படாதவள். பள்ளிக்கூடமே நடுங்குகிற ஆள். அவள் பயம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அம்மா போன அன்றைக்குக்கூட அவள்தான் என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் கையை இறுக்கிப் பிடித்தேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது, அதைச் சொல்லவில்லை.

மேடையில் பாஸ்டர் சீட்டைச் சட்டைப் பையில் வைத்தார். “யாராவது ஜெபிங்க,” என்று மைக்கை முன்வரிசைப் பக்கம் நீட்டினார். பழக்க தோஷத்தில் மைக் மாமா வாங்கிவிட்டார். சபை ஒருமுறை பெருமூச்சு விட்டுக் கால்களை வசதியாக நீட்டிக்கொண்டது. அவர் எழுந்து நின்றார்.

“ஆண்டவரே, அந்தம்மாவ காப்பாத்துங்க. ஆமென்.”

அவ்வளவுதான். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து, கைக்குட்டையால் மூக்கைச் சிந்தினார்.

நானும் கண்ணை மூடினேன். பழகிப்போன வாய், “ஆண்டவரே, அவ என்கிட்ட வரணும்” என்று பாதி சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான், வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளே என்று உறைத்தது. ஆறு வருஷம் அவள் வர வேண்டும், வர வேண்டும் என்று மட்டுமே கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக, அவள் இருக்க வேண்டும் என்று கேட்டேன்.